புளி போட்டுத் தேய்த்த கண்ணாடி

எங்கள் வீட்டுக்கு ஒரே பெண்ணாகப் பிறந்த பூங்கொடிக்கு, என் அக்காவுக்கு,

நீ போய் ஆறு மாசம் ஆகிறது. இந்த ஆறு மாசத்தில் உன்னைப் புகழாத ஆள் நம் சொந்தத்தில் ஒருத்தர் பாக்கியில்லை. நீ இருந்தபோது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத வாய்களெல்லாம் இப்போது நிறுத்தாமல் பேசுகின்றன. கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டுகிறது. உன்னிடம் கொட்டினால்தான் ஆறும்போல் இருக்கிறது. என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், உண்மையில் அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் மற்றவர்களை ஒரு பிடி பிடித்துவிடுகிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நம் பெரியப்பா மகன் ரவி அண்ணன் பிளெக்ஸ் வைத்தார். உங்கள் ஊருக்குத் திரும்புகிற முக்கில், டீக்கடைக்கு எதிரே. உன் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, ஒரு பக்கம் வளையம் போட்ட சனிக்கிரகம், இன்னொரு பக்கம் உன் காதுக்குள் புகுந்துவிடுவது மாதிரி நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு ராக்கெட். மேலே ‘விண்வெளி விஞ்ஞானி’ என்று பட்டம். கீழே கைகூப்பிக்கொண்டு அவர் போட்டோ, உன்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிசு.

இதே ரவி அண்ணன் உங்கள் வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது உன் வீட்டுக்காரரிடம், மாமாவிடம், என்ன சொன்னார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். “ஏனுங் மாப்ள, பொம்பளையை இப்புடி இருட்டுல பொடக்காளில நிக்க உட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? ஊட்டுல டிவி இல்லீங்களா?” டிவி இருந்தது. அதில் அவரை மாதிரி ஆட்கள்தான் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் நீ வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போனாய்.

மின்வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் பில் புகார்களைக் கேட்டுக்கொண்டே, சாயங்காலம் கரண்ட் போகாதா என்று ஏங்கிய ஊழியர் தமிழ்நாட்டில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். கரண்ட் போனால் தெருவே கத்தும். நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டெலஸ்கோப்பை நோக்கி ஓடுவாய். கொல்லிமலை கறுப்பாக மறைந்துவிட்டால் உனக்குச் சோறு தண்ணி தேவையில்லை.

அந்த டெலஸ்கோப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பொய்யில்லை. கண்ணாடியை மட்டும் நீ எங்கிருந்தோ வரவழைத்தாய், ஆறு அங்குலம், குழிந்த முகம். மற்றதெல்லாம் திருச்செங்கோட்டில் என் லேத் பட்டறையில்தான் உருவானது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற கேசிங் குழாயில் ஒரு துண்டு அறுத்து உடம்பாக்கினேன். கிணறு துளைக்கிற ரிக் வண்டியில் கழித்துப்போட்ட பேரிங்கை அடியில் வைத்துச் சுழல விட்டேன். ஒரு விரலால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி திரும்பும். பெயிண்ட் வாளி மூடியை அளவுக்கு வெட்டிக் கறுப்படித்துக் குழாய் வாய்க்கு மூடியாகக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். அதனால், உன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மாமாவைப் பற்றி எனக்கு அப்படியொரு நல்ல நினைப்பு இருந்ததே இல்லை. உனக்குத் தெரியும். தங்கவேல் மாமாவுக்கு வாழ்க்கை என்றால் கோழி, தீவனம், முட்டை அட்டை, மறுபடி கோழி. வெளிச்சம் குறைந்தால் முட்டை குறையும் என்று ஷெட்டில் சாயங்காலமும் விடியற்காலையும் பல்பு எரியும். நீ நட்சத்திரம் பார்க்கிற நேரத்தில் ஒருத்தர் பக்கத்திலேயே வரிசையாகப் பல்பு எரிய விடுகிறாரே, இவருக்கு மண்டையில் ஏதாவது இருக்கிறதா என்று நினைப்பேன். ஷெட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கிழிசல் சாக்குகளைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். பண்ணை வைத்திருக்கிறவர் வீடு இப்படியா இருக்கும்? பிச்சைக்கார வேஷம் என்று என் சம்சாரத்திடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன்.

காரியம் முடிந்த கையோடு, ஹாஸ்டல் வைத்த அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துத் தாளாளர் என்னைத் தேடி வந்தார். ஞாபகம் இருக்கிறதா அவரை? சூரிய கிரகணத்தன்று டெலஸ்கோப்பைக் கொண்டுவருகிறேன், வெள்ளைக் காகிதத்தில் சூரியனை விழ வைத்துப் பிள்ளைகளுக்குப் பத்திரமாகக் காட்டுகிறேன் என்று நீ லீவு போட்டுக்கொண்டு போய்க் கேட்டாயே. “பசங்க கவனம் செதறிப் போயிரும்ங்க மேடம்” என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஜன்னலுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டி, பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். வினாத்தாளில் ஒரு கேள்வி, கிரகணம் எப்படி உண்டாகிறது என்பது. அஞ்சு மார்க்.

அவருக்கு இப்போது உன் டெலஸ்கோப் வேண்டுமாம். பள்ளி ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் உன் படத்தை மாட்டி, நம்ம மண்ணின் பெண் விஞ்ஞானி என்று எழுதப் போகிறாராம். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர் பார்ப்பார்கள் இல்லையா, அதற்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பேர் பலகையில் ‘வடிவமைப்பு: சரவணன்’ என்று போடுவதாகச் சொன்னார், அதில் கொஞ்சம் மயங்கினேன் என்று வைத்துக்கொள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

பட்டறைப் பூஜையைக் காலையிலேயே முடித்துவிட்டு மத்தியானம் உங்கள் வீட்டுக்குப் போனேன். நீ இல்லாத முதல் பூஜை என்று ரவி அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. கூடத்தில் வாழையிலை விரித்து மாமா எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். கோழித் தீவன அரவை மிஷின் பெல்ட், அரிவாள், உன் ஆபீஸ் பேனா, உன் கால்குலேட்டர், உன் மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில், குத்துவிளக்குக்கு முன்னால், டெலஸ்கோப்பின் கண்ணாடி.

குழாயின் அடியிலிருந்த மூன்று போல்ட்டையும் கழற்றி எடுத்திருக்கிறார். எடுத்து, பித்தளைச் சாமானோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, விபூதி போட்டு மறுபடி தேய்த்து, கழுவித் துடைத்து, நட்ட நடுவில் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார். நம் வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம் இருக்கும், எத்தனை தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. உன் கண்ணாடிக்குப் பூச்சு முகத்திலேயே, மூச்சு விட்டால்கூட நீ பதறுவாய். பூச்சு மொத்தமும் போய்விட்டது. குனிந்து பார்த்தால் என் முகம் தெரியவில்லை, அடியில் விரித்திருந்த வாழையிலை பச்சையாகத் தெரிந்தது.

அப்போது நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன், குறைக்கவில்லை. “ஏனுங் மாமா, உங்களுக்கு வெளக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா? இத்தன வருசம் அவகூடக் குடும்பம் நடத்தி, ஒரு நாளாச்சும் இதுல கண்ணு வெச்சுப் பாத்திருக்கீங்களா? கோழி எருவுலயே நின்னு நின்னு மூளையும் எருவாப் போயிருச்சு உங்களுக்கு.”

எல்லோர் முன்னாடியும். ரவி அண்ணன் முன்னாடி. மாமாவை நான் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை, அது ரொம்ப நாளாக உள்ளேயே காத்துக் கிடந்த பேச்சு என்று பேசும்போதே எனக்குத் தெரிந்தது. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தச் சந்தனப் பொட்டை மெதுவாகத் துடைத்தார். ரவி அண்ணன் பக்கத்தில் நின்று, “உடு தம்பி, படிக்காத மனுசன், அவருக்கு என்ன தெரியும்” என்றார். நான் குழாய், கண்ணாடி, உன் லென்ஸ் பெட்டி எல்லாவற்றையும் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே திருச்செங்கோடு வந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. வண்டி கிளம்பும்வரை வாசலில் நின்றார்.

மறுநாள் தாளாளருக்குப் போன் செய்து, கண்ணாடி கெட்டுவிட்டது, இனி இதில் எதுவும் தெரியாது என்றேன். “அதுக்கென்னங்க, பசங்க எங்க அதுல பாக்கப் போறாங்க? ரிசப்ஷன்ல வெக்கறதுக்குத்தானுங்களே. வெளிய பாத்தா நல்லாத்தான இருக்குது?” என்றார் அந்தக் கல்விக் காவலர். போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

கண்ணாடிக்கு மறுபடி பூச்சுப் போட முடியும் என்று நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. எங்கே வாங்கினாய் என்று தேடித்தான் லென்ஸ் பெட்டியைத் திறந்தேன். அடியில் உன் நோட்டுகள், நீளவாக்கு நோட்டு, ஏழு. தேதி, மேகம், என்ன பார்த்தாய், யார் வந்தார்கள். முகவரி முதல் நோட்டிலேயே கிடைத்துவிட்டது. அதோடு மூடி வைத்திருந்தால் நான் இன்றைக்கும் நல்லவனாக இருந்திருப்பேன்.

இரண்டாவது நோட்டில் ரவி அண்ணன் பேர் தெரிந்தது. ‘ரவி அண்ணன் குடும்பம் வந்தது. சனி. மூடியைக் கழற்றவில்லை. வளையம் சூப்பராகத் தெரிகிறதாம்.’ எனக்கு முதலில் விளங்கவில்லை. நாலு பக்கம் தள்ளி, ‘ஆபீசில் இருந்து மூன்று பேர். மூடியோடு காட்டினேன். மூவருக்கும் தெரிந்தது.’ அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் பட்டறையில் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அடிப்பாவி! குழாயின் வாய் மூடிக் கிடக்கிறது, இருட்டில் அது யார் கண்ணிலும் படவில்லை, கண்ணை வைத்த அத்தனை பேரும் வந்த வீட்டில் இல்லை என்று சொல்லக் கூடாதென்று தெரியுதுங்க, தெரியுதுங்க என்று தலையாட்டியிருக்கிறார்கள். நீயும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாய்.

அடுத்த பக்கத்தைச் சிரித்துக்கொண்டேதான் புரட்டினேன். ‘சரவணன் வந்தான். மூடியோடு. அட்டகாசமாத் தெரியுதுக்கா என்றான். பாவம், பசி.’

அக்கா, அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கறுப்பாகத்தான் இருந்தது. என் கண்ணிமை மயிர் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கோழிக்குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் நீ மூடியைக் கழற்றிக் காட்டிய நாட்களில்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. பேரிங் சரியாகத் திரும்புகிறதா என்பதில்தான் எனக்கு அக்கறை. ஏன் என்னிடம் கேட்கவில்லை? திட்டியிருக்கலாமே? உன்னைப் புரிந்தவன் என்று நான் பீற்றிக்கொண்டபோதெல்லாம் மனசுக்குள் என்ன நினைத்தாய்?

அதே பக்கத்தில், இரண்டு நாள் கழித்து, இது இருந்தது. ‘இவருக்கும் மூடியோடு. கண்ணை வைத்துவிட்டு, ஒண்ணுந் தெரியலியே புள்ள, எனக்குக் கண்ணு போயிருச்சா என்று பயந்துவிட்டார். மூடியைக் கழற்றினேன். பத்து நிமிஷம் நகரவில்லை. கோழிக்குத் தீவனம் வைக்க மறந்துவிட்டார்.’

அதற்கு மேல் நோட்டு முழுக்க ‘இவர்’தான். இவரும் பார்த்தார். இவர்தான் முதலில் கண்டுபிடித்தார். இவர் நேற்றைவிட இன்று நிலா பக்கத்தில் இருக்கிறது என்றார், சரிதான். மூன்றாவது நோட்டில் ஓர் இடத்தில், ‘ஷெட்டின் வடக்குப் பக்கம் முழுக்க இவரே சாக்குத் தைத்துத் தொங்கவிட்டார். பல்பு வெளிச்சம் பொடக்காளிக்கு வராது’ என்று எழுதியிருக்கிறாய். நான் சிரித்தேனே, அந்தச் சாக்கு. வடக்கே அவ்வளவாக வெயில் அடிக்காது, அங்கே எதற்குச் சாக்கு என்று பேரிங் கடைகிற என் மூளைக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. மூளை எருவாய்ப் போனவன் யார் என்று இப்போது நீயே சொல்லிக்கொள்.

அவர் ஏன் அன்றைக்கு ‘பார்த்திருக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் அங்கேயே வாயை மூடியிருப்பேனே. உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒன்றை ரவி அண்ணன் மாதிரி ஆட்கள் முன்னால் எடுத்து வைக்க அவருக்கு மனசில்லை போலிருக்கிறது. அதுகூட என் ஊகம்தான்.

கண்ணாடியை அனுப்பினேன். போன வாரம் புதுப் பூச்சோடு திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். மாமா ஷெட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். “வா மாப்ள” என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

“கண்ணாடி சரியாயிருச்சுங் மாமா. வாங்க, பூட்டலாம்” என்றேன்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பொடக்காளிவரை வந்தார். பெட்டியைத் திறந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய்விட்டார். “நா தொடலீங் சாமி. நீயே பூட்டு. நா எட்ட நின்னுக்கறன்.”

என்னைப் பார்த்து மரியாதை ‘ங்’ போட்டுப் பேசினார் அக்கா. என்னைவிடப் பதினோரு வயசு மூத்தவர். முதலாளியிடம் பேசுகிற மாதிரி. அதற்கு அவர் என்னை இரண்டு அறை விட்டிருக்கலாம்.

நானே பூட்டினேன். போல்ட் மூன்றையும் இறுக்கி, சனியைத் தேடிப் பிடித்துக் கண்ணை வைத்தால் ஏதோ கலங்கலாக வால் முளைத்த மாதிரி ஒரு வெளிச்சம். திருகினேன், இன்னும் கெட்டது. இரும்பைத் துல்லியமாகக் கடைகிறவன் என்று பேர் எடுத்தவன், மூன்று திருகாணியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். மாமா முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார்.

“மாப்ள, தெரியுதா?” என்றார்.

“இல்லீங் மாமா. ஒண்ணுமே சரியாத் தெரியல. எனக்கு இது வரல.”

அப்புறம், “அந்தக் கீழ்த் திருகு இருக்குதுல்ல, அத கால் சுத்து உடு. அதிகம் வேண்டாம். அவ அப்புடித்தான் பண்ணுவா” என்றார். விட்டேன். “இப்ப எடது பக்கத்தது. மெதுவா.” அதையும் திருப்பினேன். “சித்த நகரு” என்று அவர் குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. திருகாணியில் கை வைத்து அரைக்கால் சுற்று திருப்பிவிட்டு, கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

சனியின் வளையம் இந்த வருசம் ஒரு கோடு மாதிரி மெலிந்துபோயிருக்கிறது. உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும், இப்படி ஆகும் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறாய். “அவ சொன்ன மாதிரியே ஆயிருச்சு மாப்ள. இதப் பாத்துட்டுப் போயிருக்கலாம் அவ” என்று குழாயைப் பிடித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். அப்புறம் நான் பார்த்தேன். இத்தனை வருசத்தில் அதுதான் நான் முதன்முதலாகப் பார்த்தது.

மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பாய். கேட்கவில்லை. வாய்வரை வந்தது, இருட்டில் ஆளில்லாத இடத்தில் கேட்பது எனக்கு ரொம்ப வசதி என்று தோன்றியது. வசதியாகக் கேட்கிற மன்னிப்பு எனக்கு வேண்டாம். வர்ற மாட்டுப் பொங்கலுக்கு எல்லோரும் உங்கள் வீட்டில்தான் கூடுகிறார்கள், ரவி அண்ணன் உட்பட. அன்றைக்கு நடுக்கூடத்தில், எல்லோர் முன்னாடியும் எந்த வாயால் அவரைச் சொன்னேனோ அந்த வாயால், மாமாவின் காலைத் தொட்டுக் கேட்பேன். பதிலுக்கு அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன். டெலஸ்கோப் அவர் வீட்டில் அவர் கையில்தான் இருக்கும். எனக்குப் பார்க்க வேண்டுமென்றால் நான் போய் அவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
தங்கவேல் மாமாவின் மச்சினன்,
உன் தம்பி
சரவணன்